சாம்சன் மாஸ்டர் சொன்ன இரண்டு சாட்சிகள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனி ஒன்றில் வெள்ளிக்கிழமை மட்டும் யாரும் லீவு போட மாட்டார்கள். அன்றைக்குக் கேன்டீனில் கோழி பிரியாணி. காய்ச்சலில் படுத்திருந்தவன்கூட மத்தியானத்துக்கு எழுந்து வந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பப் போய்ப் படுத்தான் என்று ஒரு கதை உண்டு. அந்த பிரியாணிக்குச் சொந்தக்காரர் சாம்சன் மாஸ்டர்.

சாம்சன் கவரைப்பேட்டைக்காரர். ஆறடி உயரம், அதற்கேற்ற அகலம். அவருடைய அப்பா காலத்தில் காலனியில் எல்லோருக்கும் நெல் வயலில் கூலி வேலைதான். சாம்சன் தலையெடுத்தபோது வயல்களில் பாதி கம்பெனிகளாகிவிட்டிருந்தன. பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் லோடு ஏற்றப் போனார். ஒருநாள் அங்கே சமையல்காரர் வரவில்லை. பசியோடு நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, "நான் ஆக்குறேன், நவுருங்கபா" என்று இவர் அடுப்பைப் பற்றவைத்தார். அன்று வைத்த கருவாட்டுக் குழம்பைச் சாப்பிட்டவர்கள் அதற்கப்புறம் அவரை லோடு ஏற்ற விடவில்லை. அப்படியே படிப்படியாக வளர்ந்து பெரிய கம்பெனி கேன்டீனுக்கு மாஸ்டராக வந்து சேர்ந்தார்.

மனைவி கிறிஸ்டினா. பக்கத்து கம்பெனியில் கார்களுக்கான ஒயர்களைக் கட்டும் லைனில் வேலை. சிறிய உடம்பு, பெரிய வாய். வீட்டில் கிறிஸ்டினாவின் அப்பா தாவீதும் இருந்தார். வாட்ச்மேன் வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வுபெற்ற பிறகும் வீட்டில் யார் எப்போது வருகிறார்கள், எதைக் கொண்டுவருகிறார்கள் என்று கவனிப்பதை மட்டும் அவர் விடவில்லை.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சாம்சனின் கைதான் திடீரென்று அவரைக் காலை வாரிவிட்டது.

முதலில் இடது கையின் கட்டைவிரல் நுனியும் ஆள்காட்டி விரல் நுனியும் லேசாக உலர்ந்தன. பிறகு தோல் உரிந்தது. பிறகு வெடித்தது. ராத்திரி படுத்தால் அரிப்பு, சொறிந்தால் எரிச்சல். கொஞ்ச நாளில் வலது கையும் சேர்ந்துகொண்டது. புறங்கை முழுக்கச் சிவந்து செதில் செதிலாக, கோடையில் காய்ந்த ஏரி மாதிரி ஆகிவிட்டது. கரப்பான் என்றார்கள். சூடு என்றார்கள். கோழியைக் கையால் பிசைவதால் வந்த பாவம் என்றுகூட ஒருவர் சொன்னார்.

வைத்தியத்துக்குப் பஞ்சமில்லை. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினார். லாரி டிரைவர் ஒருவர் சொன்னார் என்று மண்ணெண்ணெயில் கை நனைத்தார். எலுமிச்சம்பழத்தில் உப்பைத் தொட்டுத் தேய்த்தால் ஒரே நாளில் போய்விடும் என்று தாவீது அடித்துச் சொல்ல, அதையும் செய்தார். அன்று சாம்சன் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் பாம்பு பூந்துவிட்டது என்று தடியோடு ஓடிவந்தார்கள். கடைசியாக மெடிக்கல் ஷாப்பில் ஒரு டியூப் வாங்கிப் பூசினார். மாயம் மாதிரி அடங்கியது. பூசுவதை நிறுத்தியதும் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. மறுபடி பூசினார், மறுபடி அடங்கியது, மறுபடி வந்தது. போகப் போகத் தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்துபோனது.

கேன்டீனில் கிசுகிசு கிளம்பியது. "மாஸ்டருக்கு இன்னாவோ ஒட்டுவாரொட்டியாம்பா." தட்டை நீட்டுபவர்கள் முதலில் அவருடைய கையைப் பார்த்தார்கள், அப்புறம்தான் சோற்றைப் பார்த்தார்கள். கேன்டீன் மேனேஜர் தேசப்பன் பொல்லாதவர் அல்ல. ஆனாலும் ஒருநாள் சாம்சனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சாம்சா, தப்பா எடுத்துக்காத. கை ஒயுங்கா ஆவுற வரிக்கும் நீ டோக்கன் வாங்குற எடத்துல குந்திக்க. சமையலுக்கு வேற ஆளப் போட்டுக்கிறேன்."

டோக்கன் வாங்கும் ஸ்டூல் சாம்சனின் உடம்புக்குப் பாதிதான் இருந்தது. அதில் உட்கார்ந்துகொண்டு, உள்ளே யாரோ ஒருவன் மசாலாவைத் தீயவிடும் வாசனையைப் பொறுத்துக்கொண்டிருந்தார். அந்த வெள்ளிக்கிழமை பிரியாணியைச் சாப்பிட்டவர்கள், சாம்பார் சாதத்தில் கோழி வழி தவறி விழுந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்டபோது கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது என்பதைச் சாம்சனே பிற்பாடு ஒப்புக்கொண்டார். ஆனால் அந்தச் சந்தோஷம் வீட்டுக்குப் போகும்வரைகூடத் தாங்கவில்லை. சர்ச்சில் எல்லோரும் கைகுலுக்கி "ஸ்தோத்திரம்" சொல்லும்போது அவர் மட்டும் இரண்டு கையையும் பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு தலையை ஆட்டினார்.

கம்பெனியில் வருடா வருடம் மருத்துவ முகாம் நடக்கும். அந்த வருடம் தோல் டாக்டர் ஒருவரும் வந்திருந்தார். பெயர் சுமலதா. ஊத்துக்கோட்டைப் பக்கம் நெல் விவசாயம் செய்கிற குடும்பத்துப் பெண். திருவள்ளூரில் ஒரு தோல் ஆராய்ச்சி மையத்தில் வேலை. கேன்டீனுக்கு டீ குடிக்க வந்தவர், டோக்கனை வாங்கிய கையைப் பார்த்துவிட்டார். டீயை ஓரமாக வைத்துவிட்டு அந்தக் கையைப் பிடித்துத் திருப்பினார். சாம்சன் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"வோணாம் மேடம். ஒட்டிக்கும்."

"யாரு சொன்னாங்க?"

"எல்லாரும் சொல்றாங்க."

"எல்லாருமே டாக்டருக்குப் படிச்சிருக்காங்களா? குடுங்க கையை."

கொடுத்தார். எத்தனையோ மாதத்துக்கப்புறம் கிறிஸ்டினாவைத் தவிர இன்னொருவர் அந்தக் கையைத் தொட்டார். டாக்டர் சத்தமாகவே சொன்னார்: "இது யாருக்கும் ஒட்டாது. உங்க தோலுக்கு ஏதோ ஒண்ணு ஆகல, அவ்வளவுதான்." தேசப்பனுக்கும் அது கேட்டது. "ஒட்டாதுன்னா சரிங்க மேடம். ஆனா வெடிப்புல ரத்தம் வருதே, அதோட சோத்துல கை வெக்க முடியாதில்ல?" என்றார் அவர். அது நியாயமான கேள்வி என்று டாக்டரும் ஒப்புக்கொண்டார்.

அப்போதுதான் டாக்டர் தங்கள் மையத்தில் நடக்கிற ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார். கைக் கரப்பானுக்குப் புதிதாக ஒரு கிரீம். சரியாகக் கேட்கிறதா என்று பார்க்க ஆட்கள் தேவை. விருப்பம் இருந்தால் வீட்டில் பேசிவிட்டு வரலாம்.

வீட்டில் பேசியதில் கிறிஸ்டினாவும் கூடக் கிளம்பிவிட்டாள். பெரியபாளையத்தில் பஸ் மாறித் திருவள்ளூர் போய்ச் சேர்ந்ததும், நாற்காலியில் உட்கார்வதற்கு முன்பே கேட்டாள்.

"மேடம், இவரு இன்னா எலியா?"

சுமலதா சிரித்துவிட்டார். "இல்லம்மா. எலி கட்டமெல்லாம் எப்பவோ தாண்டியாச்சு. வேற ஊர்ல மனுஷங்களுக்கும் குடுத்துப் பாத்தாச்சு, பெரிசா கெடுதல் வரல. இப்ப நல்லா வேலை செய்யுதான்னு பாக்கறோம். பிடிக்கலன்னா எந்த நாள்ல வேணா விலகிக்கலாம். விலகினாலும் இங்க வைத்தியம் உண்டு."

"அப்ப நல்லா கீற மருந்து இவருக்குக் கெடைக்கும்?"

"அது எனக்குத் தெரியாது."

"இன்னா மேடம் சொல்றீங்க?"

டாக்டர் நிதானமாக விளக்கினார். சேர்பவர்களில் பாதிப் பேருக்கு மருந்து கலந்த கிரீம். மீதிப் பேருக்கு அதே கிரீம், மருந்து மட்டும் இருக்காது. பார்த்தால் ஒன்று போலவே இருக்கும். யாருக்கு எது என்று வேறு ஊரில் ஒரு கம்ப்யூட்டர் சீட்டுப் போட்ட மாதிரி பிரிக்கும். பூசுகிறவருக்கும் தெரியாது, கையைப் பார்க்கிற டாக்டருக்கும் தெரியாது. தெரிந்தால், மருந்து போனவரின் கை நன்றாக இருக்கிற மாதிரியே கண்ணுக்குத் தோன்றும்.

சாம்சன் டாக்டர் பக்கம் குனிந்தார். "அப்போ நீங்களே எனக்கு இன்னா குடுக்கறீங்கன்னு உங்களுக்கே தெரியாது."

"ஆமா."

"எங்க கேன்டீன்லகூட இப்டி நடந்ததில்ல மேடம்" என்றார் சாம்சன். பக்கத்தில் நின்றிருந்த ஜெரால்ட் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டான். ஜெரால்ட்தான் அந்த ஆராய்ச்சிக்கு ஒருங்கிணைப்பாளர். கண்ணாடி போட்ட, எதையும் ஒழுங்காகச் செய்தே தீரவேண்டும் என்று தவிக்கிற இளைஞன்.

சாம்சன் சேர்ந்துவிட்டார். மருந்து கிடைக்கும் என்ற ஆசை ஒருபுறம் இருந்தாலும், தன் கையை அருவருப்பில்லாமல் பிடித்துப் பார்த்த ஒருவரிடம் இல்லை என்று சொல்ல மனம் வராததுதான் பெரிய காரணம்.

ஆனால் உடனே கிரீம் தரவில்லை. முதலில், அந்த மெடிக்கல் ஷாப் டியூபில் இருக்கிற ஸ்டீராய்டுதான் தோலை மெலிய வைக்கிறது என்று சொல்லி அதை நிறுத்தச் சொன்னார்கள். அந்தச் சில வாரங்கள் பேஜாரான வாரங்கள். கை மறுபடி கொதித்தெழுந்தது. ஈரத்துணி சுற்றிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு டோக்கன் வாங்கினார். அது அடங்கிய பிறகு பேட்ச் டெஸ்ட் எடுத்தார்கள். எந்தப் பொருள் தோலுக்கு ஆகவில்லை என்று கண்டுபிடிக்க, சின்னச் சின்ன வில்லைகளில் ஒவ்வொரு பொருளாக வைத்து முதுகில் வரிசையாக ஒட்டுவது. இரண்டு நாள் முதுகு நனையக் கூடாது, வியர்க்கக் கூடாது, சொறியக் கூடாது. நல்லவேளையாக அது மார்கழி. சட்டையைக் கழற்றியதும் தாவீது சுற்றி வந்து பார்த்தார்.

"இன்னா மாப்ள, முதுவு முழுக்க சிம் கார்டு ஒட்டி அனுப்சிக்கிறாங்க?"

"டவர் கெடைக்குதான்னு பாக்கறாங்க மாமா."

"குளிக்க மாட்டியா?"

"குளிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிக்கீறாங்க." இதைச் சொல்லும்போது சாம்சன் முகத்தில் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்ட பையனின் களை இருந்தது என்று கிறிஸ்டினா சொல்வாள்.

ஒட்டியதை எடுத்துப் பார்த்தபோது எல்லா இடமும் சும்மா இருக்க, ஓரிடத்தில் மட்டும் ரூபாய்க் காசு அளவுக்குச் சிவந்து தடித்திருந்தது. டாக்டர் உற்றுப் பார்த்தார். "சாம்சன், உங்களுக்குப் பூண்டு ஆகல."

சாம்சன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"பூண்டா? மேடம், நான் பிரியாணி மாஸ்டரு!"

"அதனாலதான். இடது கையில பூண்டைப் பிடிச்சு வலது கையால உரிப்பீங்க இல்லையா? அந்த விரல் நுனியிலதான் ஆரம்பிச்சிருக்கு. அதுக்கு மேல சோப்புத் தூளு, கொதிக்கிற தண்ணி. புண்ணுக்கு மேல புண்ணு."

"அப்ப நான் துன்னக் கூடாதா?"

"சாப்பிடறதுல உங்களுக்குத் தொந்தரவு வந்ததில்லையே? அப்ப சாப்பிடுங்க. உரிக்காதீங்க, அரைக்காதீங்க. கையுறை போட்டுக்கிட்டும் வேணாம், அதோட சாறு மெல்லிசு ரப்பருக்குள்ள இறங்கிடும்."

சாம்சன் பெருமூச்சு விட்டார். உயிர் திரும்பி வந்த பெருமூச்சு. கேன்டீனில் விஷயத்தைச் சொன்னதும், காய் நறுக்கும் அஞ்சம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மீன்காரனுக்குத் தண்ணி ஆவலன்ன கதையா கீது! வுடு தம்பி, பூண்ட நான் உரிச்சிக்கிறேன். நீ எனக்கு வெங்காயம் வெட்டு." வெங்காயம் அவளுக்குக் கண்ணைக் கரிக்கும். அது சாம்சனுக்கு ஆகும். ஒப்பந்தம் அங்கேயே முடிந்தது. சமையலுக்குத்தான் அவரை இன்னும் விடவில்லை, வெங்காயத்துக்குத் தேசப்பன் கண்ணை மூடிக்கொண்டார். அதற்கும் நல்ல கையுறை போட்டாக வேண்டும் என்பது நிபந்தனை.

கிரீம் தந்தார்கள். வெள்ளை டியூபில் பெயரில்லாத வெள்ளைக் கிரீம். காலையும் மாலையும் பூச வேண்டும். கை கழுவும் ஒவ்வொரு தடவையும் ஈரத்தை ஒற்றித் துடைக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. சோப்புத் தூளைத் தொடக் கூடாது. மையத்தில் கொடுத்த மென்மையான சோப்புதான். படுக்கும்போது பருத்திக் கையுறை. அந்த வெள்ளைக் கையுறையைப் போட்டுக்கொண்டு ஆறடி மனிதர் படுத்திருப்பதைப் பார்த்துக் கிறிஸ்டினா, "டிராபிக் போலீஸ், விசில் ஊதாம தூங்குபா" என்பாள்.

குறித்த நாட்களில் திருவள்ளூர் போய்க் கையைப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். டியூபை ஜெரால்ட் தராசில் வைத்து, எவ்வளவு கிரீம் செலவாகியிருக்கிறது என்று பார்ப்பான். மூன்றாவது முறை போனபோது தராசைப் பார்த்தவன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தான்.

"அண்ணா, இவ்ளோ எப்படிக் காலியாச்சு? உடம்பு முழுக்கப் பூசறீங்களா?"

"இல்லியே ஜெரால்ட். கைக்கு மட்டுந்தான்."

சாம்சனுக்கும் புரியவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தபோது, எதிரே தாவீது கால்மேல் கால் போட்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். வருடக்கணக்காகப் பாளம் பாளமாக வெடித்திருந்த குதிகால், அன்று குழந்தையின் கன்னம் மாதிரி பளபளத்தது.

"மாமா! கால் இன்னா இப்டி மினுக்குது?"

தாவீது காலை மெதுவாகக் கீழே இறக்கினார்.

அவ்வளவுதான், கிறிஸ்டினா பிடித்துக்கொண்டாள். "நைனா! அது ஆராய்ச்சி மருந்து நைனா! உனுக்கு ஏதாவது ஆயிட்டா யாரு பாக்கறது?"

"இன்னாம்மா ஆவும்? ஒரு தபா தடவுனேன், நல்லா கேட்டுச்சு. அப்பால வுட மனசு வரல."

மறைக்க வேண்டாம் என்று மறுநாளே சாம்சன் ஜெரால்டுக்குப் போன் போட்டார். ஜெரால்டுக்கு அழுகையே வந்துவிட்டது. தாவீதைக் கூட்டிவரச் சொன்னார்கள். சுமலதா அவருடைய குதிகாலை, கணுக்காலை, முழங்காலைச் சோதித்தார். ஒன்றும் ஆகவில்லை. இனி தொடவே கூடாது என்று கண்டித்து, பித்தவெடிப்புக்கு வேறு களிம்பு எழுதிக்கொடுத்தார். தாவீது விடவில்லை. "மேடம், அந்தக் கைக்கு ஆள் எடுத்தீங்களே, இந்தக் காலுக்கும் எடுங்க. நானே வந்து சேர்றேன்." டாக்டர் முகத்தைக் கண்டிப்பாக வைத்துக்கொள்ள ரொம்பச் சிரமப்பட்டார். அன்றிலிருந்து டியூப் பீரோவுக்குள் போனது. சாவி கிறிஸ்டினாவின் தாலிச் செயினில் தொங்கியது.

கை ஆறியது. ஒரே நாளில் அல்ல. முதலில் அரிப்பு குறைந்து தூக்கம் வந்தது. பிறகு வெடிப்புகள் மூடின. பிறகு ஒருநாள் மடக்கி விரித்துப் பார்த்தால் வலிக்கவில்லை. வாரங்கள் போய், ஆராய்ச்சிக் காலம் முடிந்து கடைசிப் படம் எடுத்தபோது, புறங்கையில் லேசான நிற மாற்றம் தவிர ஒன்றுமில்லை. தேசப்பன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கரண்டியை எடுத்து நீட்டினார். "போ சாம்சா. சனங்க என்னைத் திட்டுறது காதுல கேக்க முடில."

அந்த வெள்ளிக்கிழமை பிரியாணி அண்டாவைத் திறந்தபோது வாசனை மெஷின் ஓடுகிற ஷெட்டுவரை போனதாம். இரண்டாவது தடவை வாங்க வந்தவர்களை அஞ்சம்மாள் விரட்ட வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் சாட்சி சொல்லும் நேரம் வந்தது. கடவுள் செய்த நன்மையை எழுந்து நின்று எல்லோருக்கும் சொல்வது. அதுவரை ஒருமுறைகூட எழாத சாம்சன் எழுந்தார். இரண்டு கையையும் உயர்த்திக் காட்டினார்.

"இந்தக் கைய எல்லாரும் பாத்துக்கீறீங்க. இப்பப் பாருங்க. ஆண்டவரு ஒரு டாக்டரம்மாவ அனுப்சாரு. அவுங்க ஒரு புது மருந்து குடுத்தாங்க. ஒலகத்துல இன்னும் கடைக்கே வராத மருந்து! அதுல சொகமாச்சு."

சபையே கைதட்டியது. முடிந்ததும் வரிசையாக வந்து அவருடைய கையைக் குலுக்கினார்கள். சாம்சன் அன்று ஒருவர் கையையும் சீக்கிரம் விடவில்லை. அடுத்த வாரமே காலனியில் பாதிப் பேர் அந்த மருந்து எங்கே கிடைக்கும் என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

பல மாதம் கழித்து மையத்திலிருந்து கூப்பிட்டார்கள். ஆராய்ச்சியில் சேர்ந்த எல்லோருக்கும் டீயும் போண்டாவும். கணக்குப் பார்த்து முடித்துவிட்டார்கள். யாருக்கு எந்தக் கிரீம் என்ற விவரமும் வந்துவிட்டது. தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் தனித்தனியாக வந்து தெரிந்துகொள்ளலாம். சாம்சன், கிறிஸ்டினா, வரவேண்டாம் என்று சொல்லியும் வந்த தாவீது, மூவரும் சுமலதாவின் அறைக்குள் போனார்கள்.

"சாம்சன், உங்களுக்குப் போனது மருந்தில்லாத கிரீம்."

சாம்சனுக்கு முதலில் காதில் ஏறவில்லை. "மருந்து..."

"இல்ல. வெறும் கிரீம்."

முதலில் வாய் திறந்தது தாவீதுதான். "அப்ப நான் திருட்டுத்தனமா தடவுனது வெறும் கிரீமா? அதுக்கா என் பொண்ணுகிட்ட அவ்ளோ பேச்சு வாங்குனேன்!"

கிறிஸ்டினா சிரிக்க ஆரம்பித்து நிறுத்த முடியாமல் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். சாம்சன் சிரிக்கவில்லை. முதலில் ஏமாந்துபோன மாதிரி இருந்தது. அப்புறம் அதைவிடப் பெரிய கவலை ஒன்று வந்து உட்கார்ந்தது.

"மேடம், ஒண்ணு கேக்கட்டா? மருந்து இல்லாமயே நான் சொகமாயிட்டேனே. அதுல உங்க ஆராய்ச்சி கெட்டுப் போச்சா?"

சுமலதா நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"கெடல சாம்சன். மருந்துக் கிரீம் பூசினவங்கள்ல ரொம்பப் பேருக்கு நல்லாச்சு. வெறும் கிரீம் பூசினவங்கள்லயும் உங்கள மாதிரி சில பேருக்கு நல்லாச்சு. உங்கள மாதிரி ஆளுங்க இல்லேன்னா, எல்லாம் மருந்தாலதான் நடந்ததுன்னு நாங்க தப்பாச் சொல்லியிருப்போம். மருந்து எவ்வளவு செஞ்சது, மீதி எவ்வளவு தானா நடந்ததுன்னு பிரிச்சுக் காட்டினது நீங்கதான்."

"அப்ப எனக்கு எதுல சரியாச்சு?"

"எது ஒண்ணுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. பூண்டைத் தொடறத விட்டீங்க. அந்த டியூபை விட்டீங்க. சோப்புத் தூளு, கொதி தண்ணி எல்லாம் விட்டீங்க. தோல் காயவிடாம ரெண்டு வேளையும் கிரீம் போட்டீங்க, ஒருநாள் தவறாம. உங்க தோலு கேட்டது அவ்வளவுதான்போல."

சாம்சன் போண்டாவைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தார். பெரியபாளையத்தில் அடுத்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் சொன்னார்: "கிறிஸ்டி, நான் சர்ச்சுல பொய் சொல்லிட்டேன்."

"தெரிஞ்சா சொன்ன? வுடுபா."

"தெரியாம சொன்னாலும் சனங்க அத நம்பிக்கினு கீறாங்க. வராத மருந்துக்குக் காத்துக்கினு, பூசக் கூடாத டியூபப் பூசிக்கினு கீறாங்க."

அடுத்த ஞாயிறு மறுபடி எழுந்தார். இந்தத் தடவை முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். நல்லதைச் சொல்ல எழுவது சுலபம். சொன்னதைத் திருத்த எழுவது அப்படி இல்லை.

"போன தபா நான் சொன்ன சாட்சில ஒரு திருத்தம்" என்றார். சபை நிமிர்ந்து உட்கார்ந்தது. "ஆண்டவரு சொகம் குடுத்தாரு, அதுல மாத்தமில்ல. டாக்டரம்மாவ அனுப்சாரு, அதுலயும் மாத்தமில்ல. மருந்து மட்டுந்தான் இல்ல."

முதலில் ஒரு பாட்டியம்மாதான் சிரித்தாள். பிறகு முன்வரிசை, பிறகு எல்லோரும். சாம்சனும் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு பெஞ்சை விட்டுவிட்டு, நடந்ததையெல்லாம் பூண்டிலிருந்து மாமனாரின் குதிகால்வரை ஒன்றுவிடாமல் சொன்னார். தாவீது கடைசி பெஞ்சில் தலையைக் குனிந்துகொண்டார். "அந்தப் புது மருந்தும் நல்ல மருந்துதானாம். நெறைய பேருக்குக் கேட்டுக்கீது. கடைக்கு வரும்போது வரும். ஆனா கையில வெடிப்பு இருக்கறவங்க கண்டத வாங்கித் தடவாதீங்க. எது ஆவலன்னு மொதல்ல தெரிஞ்சிக்குங்க. டாக்டர்கிட்ட காட்டுங்க. அதுக்குப் பயமா இருந்தா எங்கூட வாங்க."

பாஸ்டர் எழுந்து, இவ்வளவு நீளமான சாட்சியை யாரும் தூங்காமல் கேட்டது இதுவே முதல் தடவை என்றார்.

அதற்கப்புறம் காரியங்கள் ஒவ்வொன்றாக நடந்தன. கேன்டீனில் கை கழுவும் இடத்தில் கார நெடி அடிக்கிற சோப்புக்குப் பதில் மென்மையான சோப்பு வந்தது. பக்கத்தில் வாசனையில்லாத சாதாரணக் கிரீம் ஒரு பெரிய பாட்டில். சாம்சன் நச்சரித்து நச்சரித்துத் தேசப்பனை வாங்க வைத்தார். "இதெல்லாம் பொம்பளைங்க சமாச்சாரம் மாஸ்டர்" என்று மெஷின் ஷாப் ஆட்கள் கேலி செய்தார்கள். எண்ணெயிலும் இரும்புத் தூளிலும் ஊறிய கைகள் அவர்களுடையவை. கேலி செய்தவர்கள் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து ஒவ்வொருவராக வந்து அமுக்கிக்கொண்டு போனார்கள். பாட்டில் இவ்வளவு சீக்கிரம் எப்படித் தீர்கிறது என்று தேசப்பன் புலம்பினார்.

போன மாதம், கிறிஸ்டினாவின் லைனில் வேலை செய்கிற கங்கம்மா என்ற பெண், மணிக்கட்டுவரை சிவந்து தடித்த கைகளோடு வீட்டுக்கு வந்தாள். தனியாகப் போகப் பயம். புருஷனுக்கோ இதெல்லாம் ஒரு வியாதியா என்று அலட்சியம். சாம்சன் முதலில் புருஷனை வீட்டுக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து நாஷ்டா கொடுத்துப் பேசினார். அவர் தோசையை விண்டபடி கேட்டுக்கொண்டார். மூன்றாவது தோசையில் சம்மதித்தார். எல்லோருமாகத் திருவள்ளூர் போனார்கள். சுமலதா பேட்ச் டெஸ்ட் வைத்துப் பார்த்ததில், வேலையில் போடுகிற ரப்பர் கையுறைதான் கங்கம்மாவுக்கு ஆகவில்லை என்று தெரிந்தது. கையுறையை மாற்றக் கம்பெனிக்கு எழுதிக்கொடுத்தார்.

"கைய காப்பாத்தப் போட்டதே கைய கடிச்சிக்கீது பாருண்ணா" என்று பெரியபாளையம் பஸ் ஸ்டாண்டில் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டே கங்கம்மா சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். வந்தபோது முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்த புருஷன், அவள் தட்டில் இருந்த மிளகாய் பஜ்ஜியைத் தன் தட்டுக்கு மாற்றிக்கொண்டு, வாழைக்காய் பஜ்ஜியை அவளுக்கு வைத்தார்.

கவரைப்பேட்டை பஸ் வந்தது. ஏகக் கூட்டம். சாம்சன் முதலில் ஏறி, படிக்கட்டை அடைத்துக்கொண்டு நின்று, கிறிஸ்டினாவும் கங்கம்மாவும் அவள் புருஷனும் ஏறும்வரை வேறு ஒருவரையும் தள்ள விடவில்லை. கண்டக்டர் பின்னாலிருந்து, "யோவ் பெரியவரே, வழி வுடுய்யா" என்று கத்திக்கொண்டே இருந்தார்.